தாடை மூட்டு வலிக்கான மருத்துவ ஆய்வுகள்: சிங்கப்பூரில் தேடிச் சேர ஒரு முழு வழிகாட்டி

ஈசூனில் இருக்கும் என் சித்தி ஒரு நாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். மருத்துவமனைக் காத்திருப்புப் பகுதிச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பு அது. தாடை வலி உள்ளவர்கள் ஆய்வுக்குத் தேவை என்று போட்டிருந்தது. கூடவே ஒரு குரல் செய்தி: "தம்பி, இங்க ஃப்ரீயா வைத்தியம் பண்றாங்களாம்பா. பேரு கொடுத்துடவா?"

சித்திக்கு அவசரம் இருக்கத்தான் செய்யும். மூன்று தீபாவளியாக முறுக்கைத் தேநீரில் ஊறவைத்துத்தான் சாப்பிடுகிறார். கொட்டாவி விட்டால் காதுக்கு முன்னால் 'டக்'கென்று ஒரு சத்தம். சில காலை நேரங்களில் இட்லியைப் பிட்டு வைக்கக்கூட வாய் திறக்காது. ஆனால் அந்தக் குரல் செய்தியில் இருந்த 'வைத்தியம்' என்ற சொல்தான் எனக்கு உறுத்தியது. அன்றிலிருந்து இரண்டு மாதம் அவருக்காகத் தேடியது, படித்தது, கூடப் போய் உட்கார்ந்தது எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்து பற்றிய முடிவுகளை உங்கள் மருத்துவரிடம்தான் எடுக்க வேண்டும்.

முதலில் ஒரு தெளிவு

மருத்துவரிடம் போனால் அவர் உங்களுக்கு எது நல்லது என்று பார்க்கிறார். மருத்துவ ஆய்வில் ஒரு கேள்விக்கு விடை தேடுகிறார்கள். 'இந்த ஊசி உப்புநீரைவிட நன்றாக வலியைக் குறைக்கிறதா?' என்பது கேள்வி என்றால், ஒரு பகுதியினருக்கு உப்புநீர் போயே ஆக வேண்டும். யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்யும். பல நேரம் ஊசி போடுகிறவருக்கே தெரியாது.

இந்த நோயில் இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது மிகவும் அவசியம். தாடை மூட்டு வலி தானாக ஏறி இறங்கும். நிறையப் பேருக்குச் சில மாதங்களில் பெரிய சிகிச்சை எதுவும் இல்லாமலே தணிந்துவிடும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருத்துவரைத் தேடி ஓடுகிறோம். அதற்குப் பிறகு எது செய்தாலும் குறைந்தது போலத்தான் தெரியும். ஒப்பிட இன்னொரு குழு இல்லாவிட்டால் மந்திரித்த கயிறுகூட மருந்தாகிவிடும்.

சித்தியிடம் இதைச் சொன்னேன். "அப்ப எனக்குத் தண்ணி ஊசி போட்டாலும் போடுவாங்களா?" என்றார். ஆமாம் சித்தி, போடுவார்கள். அதற்குச் சம்மதம் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

நோயின் சரியான பெயரை வாங்குங்கள்

'தாடை வலி' என்று சொல்லிக்கொண்டு போனால் எந்த ஆய்விலும் சேர முடியாது. டிஎம்டி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தாடை மூட்டுக் கோளாறு ஒரே நோய் அல்ல, ஒரு குடும்பம். மெல்லும் தசைகளில் மட்டும் வலி இருப்பது ஒரு வகை. மூட்டுக்குள் இருக்கும் சிறு வட்டு இடம் நகர்ந்து, வாய் திறக்கும்போது 'டக்'கென்று திரும்பி வருவது இன்னொன்று. அந்த வட்டு திரும்பி வராமலே வாயைப் பூட்டிவிடுவது வேறு. எலும்புத் தேய்மானம் தனி வகை. டிஎம்டியால் வரும் தலைவலிக்கும் தனிப் பெயர் உண்டு. தசைவலிக்கு நடக்கும் ஆய்வில் வட்டு நகர்ந்தவரைச் சேர்க்க மாட்டார்கள்.

இவற்றைப் பிரிக்க உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் அளவுகோல் டிசி/டிஎம்டி. 1992இல் வந்த பழைய முறையைத் திருத்தி 2014இல் வெளியிட்டார்கள். அதில் இரண்டு பகுதிகள். முதல் பகுதி உடலைப் பார்க்கிறது: கடந்த 30 நாளில் வலி இருந்ததா, தாடையை அசைத்தால் அது கூடுகிறதா குறைகிறதா, கன்னத் தசையை விரலால் அழுத்தும்போது உங்களுக்கு நன்கு பழகிய அதே வலி வருகிறதா என்று. இரண்டாம் பகுதி மன அழுத்தம், பதற்றம், வலியால் அன்றாட வேலை எவ்வளவு கெடுகிறது என்பவற்றைக் கேட்கிறது. "எனக்கு என்ன, பைத்தியமா?" என்று சித்தி முகம் சுளித்தது இந்த இடத்தில்தான். அப்படி இல்லை. நாள்பட்ட வலி தூக்கத்தையும் மனத்தையும் பிடித்துக்கொள்கிறது. அவையும் வலியைத் திருப்பிப் பிடித்துக்கொள்கின்றன. அதனால்தான் கேட்கிறார்கள்.

சிங்கப்பூரில் இதற்கு எங்கே போவது? பக்கத்து பல் மருத்துவரோ பலதுறை மருந்தகமோ போதும், அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கலாம். ஊட்ரம் பக்கம் சிங்கப்பூர் பொது மருத்துவமனை வளாகத்தில் உள்ள தேசிய பல் மருத்துவ நிலையமும், கெண்ட் ரிட்ஜில் உள்ள தேசியப் பல்கலைக்கழக வாய்நல நிலையமும் இந்த வகை நோயாளிகளைப் பார்க்கும் பெரிய இடங்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகக் கடிதத்தோடு போனால் மானியக் கட்டணம். நேரே போனால் முழுக் கட்டணம். வித்தியாசம் கொஞ்சநஞ்சம் அல்ல, கடிதத்துக்காக ஒரு காலைப் பொழுதைச் செலவிடுவதில் நட்டமில்லை.

இன்னொரு பலனும் உண்டு. ஆய்வு நடத்துகிறவர்கள் பெரும்பாலும் இதே இடங்களில்தான் வேலை செய்கிறார்கள். பரிசோதனை முடிந்ததும், "டாக்டர், இந்த நோய்க்கு இங்கே ஏதாவது ஆய்வு நடக்கிறதா? வரப்போகிறதா?" என்று கேளுங்கள். இணையத்தில் பத்து மணி நேரம் தேடிக் கிடைக்காதது இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கலாம்.

வீட்டுக்கு வரும்போது கையில் இவை இருக்கட்டும்: நோயின் முழுப் பெயர், வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்ற அளவு, எடுத்த எக்ஸ்ரே அல்லது எம்ஆர்ஐ அறிக்கை. மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் இடையே 40 மில்லிமீட்டர் என்பது பல ஆய்வுகளில் ஓர் எல்லைக்கோடு. இதோடு வலி தொடங்கிய மாதம், இதுவரை செய்த சிகிச்சைகள், இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளும். நாட்டு மருந்து, மூட்டுக்கென்று விற்கும் மாத்திரைகள் உட்பட. ஒரே தாளில் எழுதிவையுங்கள், அந்தத் தாள் கடைசி வரை உதவும்.

எங்கே தேடுவது

முதல் இடம் கிளினிக்கல்டிரையல்ஸ்.கவ் என்ற தளம். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 2000ஆம் ஆண்டிலிருந்து நடத்திவரும் பதிவேடு அது. அமெரிக்க ஆய்வுகள் மட்டுமல்ல, எகிப்து, துருக்கி, பாகிஸ்தான், பிரேசில் என்று பல நாட்டு ஆய்வுகளும் அதில் உண்டு. நோய் என்ற பெட்டியில் தாடை மூட்டைக் குறிக்கும் 'டெம்போரோமாண்டிபுலர்' என்ற முழுச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து, நாடு என்ற இடத்தில் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுங்கள். 'டிஎம்டி' என்ற மூன்றெழுத்தை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் ஓர் இரத்த நோய்க்கும் அதே மூன்றெழுத்துதான். அதுவும் வந்து விழும். பிறகு 'டிஎம்ஜே', 'புருக்சிசம்', 'மையோஃபேஷியல் பெயின்', 'ஓரோஃபேஷியல் பெயின்' என்று ஒவ்வொன்றாக மாற்றித் தேடுங்கள். டிஎம்ஜே என்பது தாடை மூட்டு. புருக்சிசம் என்பது தூக்கத்திலோ விழித்திருக்கும்போதோ பல்லைக் கடிப்பது. மற்ற இரண்டும் தசைவலி, வாய்-முக வலி.

சிங்கப்பூர் என்று போட்டதும் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். சில நேரம் சேரக்கூடியது ஒன்றும் இருக்காது. சின்ன நாடு, பெரிய மருந்து நிறுவனங்கள் அதிகம் கவனிக்காத நோய். மனம் தளர வேண்டாம், மாதத்துக்கு ஒரு முறை திரும்பப் பாருங்கள்.

இரண்டாவது இடம் நம் சுகாதார அறிவியல் ஆணையத்தின் மருத்துவச் சோதனைப் பதிவேடு. ஆணையத்தின் இணையத்தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அது மருந்துச் சோதனைகளுக்கான பதிவேடு. தாடை மூட்டுக்கு நடக்கும் ஆய்வுகளில் நிறைய மருந்தே கிடையாது: பல்லில் மாட்டும் ஸ்பிளிண்ட், தாடைப் பயிற்சி, லேசர், மனநல ஆலோசனை. இவை அந்தப் பட்டியலில் வராது. 'ஆணையத்தின் பதிவேட்டில் இல்லை, அப்படியென்றால் திருட்டு ஆய்வு' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மருந்தோ ஊசியோ கொடுக்கும் ஆய்வு அங்கே இல்லையென்றால் மட்டும் ஏன் என்று கேளுங்கள்.

மூன்றாவது, உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடிஆர்பி தேடுதளம். பல நாட்டுப் பதிவேடுகளை ஒரே இடத்தில் தேடித் தரும். இந்தியாவின் சிடிஆர்ஐ பதிவேடும் இதில் சேர்த்தி. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அப்படியே ஓர் ஆய்விலும் சேரலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். என் கருத்து: வேண்டாம். பெரும்பாலான ஆய்வுகள் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ திரும்பத் திரும்ப வரச் சொல்லும். இரண்டாவது வருகையோடு நீங்கள் விமானம் ஏறிவிட்டால் உங்கள் தரவும் வீண், சிக்கல் வந்தால் பார்ப்பதற்கும் ஆள் இருக்காது.

மருத்துவமனைச் சுவரொட்டிகளும் பல்கலைக்கழக மின்னஞ்சல் அறிவிப்புகளும் நான்காவது வழி. அமெரிக்கத் தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவக் கழகங்கள் 2020இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, டிஎம்டி நோயாளிகள் பல் மருத்துவத்துக்கும் பொது மருத்துவத்துக்கும் நடுவில் விழுந்து தவிப்பதை விரிவாகச் சொன்னது. ஆய்வுகளும் அதே மாதிரி சிதறிக் கிடக்கின்றன. பல் நிலையத்தில் இல்லாதது வலி நிவாரணப் பிரிவிலோ, காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ, உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவிலோ இருக்கலாம்.

பதிவை வாசிப்பது

ஒவ்வோர் ஆய்வுக்கும் ஓர் எண் உண்டு. என்சிடி என்று தொடங்கி எட்டு இலக்கம். முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நிலையைப் பாருங்கள். 'ரெக்ரூட்டிங்' என்றால் ஆள் சேர்க்கிறார்கள். 'நாட் யெட் ரெக்ரூட்டிங்' என்றால் காத்திருக்கலாம். 'ஆக்டிவ், நாட் ரெக்ரூட்டிங்' என்றால் ஆய்வு நடக்கிறது, கதவு மூடியாகிவிட்டது. 'அன்நோன்' என்று இருந்தால் நடத்துகிறவர்கள் நெடுநாளாகப் பதிவைப் புதுப்பிக்கவில்லை. அதற்கு ஏங்க வேண்டாம்.

அடுத்து, யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்ற பகுதி. நேரத்தை இங்கே செலவிடுங்கள். வழக்கமாகத் தடுக்கப்படுகிறவர்கள்: கர்ப்பிணிகள், ஏற்கெனவே தாடை அறுவை செய்தவர்கள், முடக்குவாதம் உள்ளவர்கள், அண்மையில் தாடைக்கு ஊசி போட்டவர்கள், வேறு ஸ்பிளிண்ட் அணிகிறவர்கள், சில மனநல மருந்துகளும் வலி மருந்துகளும் தொடர்ந்து எடுப்பவர்கள். எம்ஆர்ஐ இருந்தால் உடலில் உலோகம் உள்ளவர்களும்.

அந்தத் தளம் தானே ஓர் எச்சரிக்கை போட்டிருக்கிறது: ஓர் ஆய்வு இங்கே இடம்பெற்றிருப்பதால் அமெரிக்க அரசு அதை மதிப்பிட்டு ஏற்றுக்கொண்டதாகப் பொருள் இல்லை என்று. பதிவு எண் இருப்பது சான்றிதழ் அல்ல. பங்கேற்கிறவரிடமே ஆயிரக்கணக்கில் காசு வாங்கும் 'ஆய்வு'களும், குறிப்பாக ஸ்டெம் செல் (வேறு வகை உயிரணுக்களாக மாறக்கூடிய மூல உயிரணு) பெயரில், இப்படிப் பதிவேடுகளில் நுழைந்திருக்கின்றன. சோதிக்கப்படும் சிகிச்சைக்கு உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஸ்டெம் செல் என்றதும் ஒரு செய்தி. 2019இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஸ்டெம் செல்லிலிருந்து வெளிவரும் எக்சோசோம் துகள்கள் தாடை மூட்டுத் தேய்மானத்தில் வலியையும் அழற்சியையும் குறைப்பதைக் கண்டார்கள். நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் அது எலிகளில். எலியிலிருந்து மனிதனுக்கு வருவது நெடும்பயணம். வழியில் உதிர்ந்துபோகும் மருந்துகளே அதிகம். யாராவது அந்தச் செய்தியைக் காட்டி ஊசி விற்க வந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதைச் சோதிக்கிறார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

2023 டிசம்பரில் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழ், நாள்பட்ட டிஎம்டி வலிக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. நடத்தைசார் மனச்சிகிச்சை, சிகிச்சையாளர் கையால் தாடையை அசைத்துவிடுதல், தசை முடிச்சுகளை அழுத்திவிடுதல், கண்காணிப்போடு செய்யும் தாடைப் பயிற்சி ஆகியவற்றை அது வலுவாகப் பரிந்துரைத்தது. கழற்றி மாட்டும் ஸ்பிளிண்ட், மூட்டுக்குள் ஊசியால் கழுவிவிடும் ஆர்த்ரோசென்டீசிஸ், தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி, மூட்டுக்கு வழவழப்புத் தரும் ஹையலூரோனிக் அமில ஊசி, குறைந்த சக்தி லேசர் ஆகியவற்றுக்கு எதிராக நிபந்தனையோடு சொன்னது. திரும்பப் பழையபடி ஆக்க முடியாத ஸ்பிளிண்ட் சிகிச்சைக்கும், வட்டையே வெட்டி எடுக்கும் அறுவைக்கும் எதிராக வலுவாகவே சொன்னது.

'எதிராகச் சொன்ன ஒன்றை ஏன் இன்னும் ஆய்வு செய்கிறார்கள்?' என்று கேட்கலாம். நிபந்தனையோடு என்றால் ஆதாரம் உறுதியாக இல்லை என்று பொருள். ஆதாரம் இல்லாத இடத்தில்தானே ஆய்வு வேண்டும்? ஆகவே அந்தப் பட்டியலைத் தடைப் பட்டியலாகப் பார்க்காதீர்கள். ஆய்வு மருத்துவரிடம், "ஏற்கெனவே நல்ல பலன் உள்ள பயிற்சியும் எனக்குக் கிடைக்குமா, அல்லது அதை நிறுத்திவிட்டு இது மட்டுமா?" என்று கேட்க அதைப் பயன்படுத்துங்கள். மெல்லும் தசைக்குப் போட்டாக்ஸ் போடும் ஆய்வென்றால் இன்னொரு கேள்வியும் சேர்த்துக்கொள்ளுங்கள். விலங்கு ஆய்வுகளில் அந்த ஊசிக்குப் பின் தாடை எலும்பு மெலிந்தது தெரிந்திருக்கிறது. இவர்கள் எலும்பை எப்படிக் கண்காணிக்கப் போகிறார்கள்?

திரும்பப் பெற முடியுமா, முடியாதா என்பதே என் முதல் அளவுகோல். பயிற்சியும் ஆலோசனையும் ஒத்துவராவிட்டால் நிறுத்திவிடலாம். ஊசியின் வேகம் சில மாதத்தில் அடங்கும். பல்லை அராவிக் குறைப்பது, எலும்பை வெட்டுவது, மூட்டில் ஏதாவது பொருத்துவது இவற்றுக்குத் திரும்பும் வழி கிடையாது. இந்த நோயின் வரலாற்றிலேயே அதற்கு ஒரு கொடிய உதாரணம் உண்டு. அமெரிக்காவில் வைடெக் என்ற நிறுவனத்தின் புரோபிளாஸ்ட்-டெஃப்லான் தாடை உள்வைப்புக்கு 1983இல் அனுமதி கிடைத்தது. ஏற்கெனவே இருந்த பொருள்களைப் போன்றதுதான் என்ற அடிப்படையில் கிடைத்த அனுமதி; மனிதர்களில் முறையான நீண்டகாலச் சோதனை நடக்கவில்லை. மெல்லும் அழுத்தத்தில் அது நொறுங்கித் துகளானது. அந்தத் துகள்களை எதிர்த்து உடல் போராடியதில் பலருக்குத் தாடை எலும்பே அரித்துப்போனது. 1990 கடைசியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்து, பிறகு சந்தையிலிருந்து அகற்றச் செய்தது. அதற்குள் ஆயிரக்கணக்கானவர்களின் தாடையில் அது இருந்தது. ஆய்வு என்றாலே பயப்படுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்: அவர்கள் ஆய்வில் சேர்ந்தவர்கள் அல்லர், 'சிகிச்சை' எடுத்துக்கொண்டவர்கள்.

தொடர்புகொள்வது

பதிவிலோ சுவரொட்டியிலோ ஆய்வு ஒருங்கிணைப்பாளரின் எண் இருக்கும். நீளமான மின்னஞ்சல் வேண்டாம். வயது, நோயின் பெயர், வலி எத்தனை மாதமாக, முக்கிய மருந்துகள், ஆய்வின் எண். ஐந்து வரி போதும். அடையாள அட்டை எண்ணையும் எக்ஸ்ரே படத்தையும் முதல் மின்னஞ்சலிலேயே அனுப்ப வேண்டாம். முதல் அழைப்பிலேயே சிங்பாஸ் கடவுச்சொல்லோ ஓடிபியோ கேட்டால் துண்டித்துவிட்டு, மருத்துவமனையின் பொது எண்ணுக்கு அழைத்து அப்படி ஓர் ஆய்வு உண்டா என்று விசாரியுங்கள்.

ஒரு வாரமாகியும் பதில் வரவில்லையா? இன்னொரு முறை எழுதுங்கள். சித்திக்காக நான் எழுதிய முதல் மின்னஞ்சலுக்குப் பதிலே வரவில்லை. ஒருங்கிணைப்பாளர் மாறிவிட்டார், யாரும் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. சித்தி நேரே மருத்துவமனை முகப்புக்குப் போய், "ஒட்டின பேப்பர்ல இருக்க நம்பர் வேலை செய்யலையே" என்று சொன்னதும் பத்து நிமிடத்தில் ஆள் வந்தார்.

ஒப்புதல் படிவம்

இதை மட்டும் அவசரமில்லாமல் செய்யுங்கள். படிவம் பத்து, இருபது பக்கம் இருக்கும். அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். முகம் சுளிக்கிறார்கள் என்றால் அதுவே ஒரு பதில்.

சிங்கப்பூரில் மருந்துச் சோதனைகளைச் சுகாதார அறிவியல் ஆணையம் மேற்பார்வையிடுகிறது. மற்ற உயிர்மருத்துவ ஆய்வுகளுக்கு 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆராய்ச்சிச் சட்டம் உண்டு. சுகாதார அமைச்சு அதைப் பார்த்துக்கொள்கிறது. எந்த வழியில் வந்தாலும் ஆய்வை ஒரு நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும். அந்தக் குழுவின் பெயரும் தொடர்பும் படிவத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். ஆய்வாளரிடம் கேட்கத் தயங்கும் எதையும் அந்தக் குழுவிடம் கேட்கலாம், புகாரும் சொல்லலாம்.

21 வயதாகாத, திருமணமாகாத பிள்ளைகள் மருந்துச் சோதனையில் சேர, பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். தேசிய சேவையில் இருக்கும் 19 வயது மகனுக்கும் இது பொருந்தும் என்பதைப் பல வீடுகளில் யோசிப்பதில்லை.

மொழி ஒரு பெரிய விஷயம். உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கம் கேட்பது உரிமை. தமிழ்ப் படிவம் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். இல்லையென்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். படிக்க இயலாதவர் என்றால், ஆய்வுக் குழுவைச் சாராத ஒரு சாட்சியின் முன்னிலையில் படிவம் முழுவதும் வாசித்து விளக்கப்பட வேண்டும். மகனோ மருமகளோ மொழிபெயர்ப்பது எளிதுதான், ஆனால் வீட்டார் பயமுறுத்தும் வரிகளை விழுங்கிவிடுவோம். நானே சித்தியிடம் ஒரு வரியை மழுப்பினேன். "என்னமோ முழுங்குற. முழுசா சொல்லு" என்றார். முகம் மரத்துப்போகும் வாய்ப்பு பற்றிய வரி அது.

படிவத்தில் நான் தேடச் சொல்லும் விஷயங்கள் இவை. எத்தனை வருகை, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம். எந்த மருந்தை எத்தனை நாள் முன்னதாக நிறுத்தச் சொல்கிறார்கள், அந்த நாள்களில் வலி தாங்காவிட்டால் எது சாப்பிடலாம். இது தெளிவாக இல்லையென்றால் எழுத்தில் வாங்குங்கள். போலிச் சிகிச்சைக் குழுவில் விழுந்தால் ஆய்வு முடிந்தபின் உண்மைச் சிகிச்சை கிடைக்குமா. எந்தெந்தப் பரிசோதனைக்கு அவர்கள் பணம் கொடுக்கிறார்கள், எது உங்கள் வழக்கமான சிகிச்சைக் கணக்கில் வரும். ஆய்வினால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவையும் இழப்பீட்டையும் யார் ஏற்பார்கள்.

எம்ஆர்ஐ எடுக்கும் ஆய்வுகளில் இன்னொரு கேள்வி வரும்: படத்தில் நாங்கள் தேடாத வேறு ஏதாவது தென்பட்டால் உங்களுக்குச் சொல்லலாமா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். சித்தி இந்தப் பக்கத்தில்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். கடைசியில் 'ஆம்' போட்டார். "தெரியாம இருந்து என்ன பண்ணப்போறேன்?"

எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை கெடக் கூடாது. ஆனால் விலகுவதற்கு முன் எடுத்த தகவல்களை அவர்கள் வைத்துப் பயன்படுத்தலாம். இரத்தமோ மூட்டு நீரோ எடுக்கிறார்கள் என்றால் அதை எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், வேறு ஆய்வுக்கும் கொடுப்பார்களா என்று தனியாகக் கேளுங்கள். கையெழுத்திட்ட படிவத்தின் பிரதி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துக்குப் பிறகும் தேர்வு உண்டு

கையெழுத்துப் போட்டால் சேர்ந்தாகிவிட்டது என்று பொருளில்லை. ஆய்வுக்கான பரிசோதனைகளே ஒப்புதலுக்குப் பிறகுதான் தொடங்கும். தாடையை அளப்பார்கள், தசைகளை அழுத்திப் பார்ப்பார்கள், கேள்வித்தாள்கள் தருவார்கள். முந்தின நாளே காபியைக் குறைத்து, வலி மாத்திரையை விழுங்கி, 'நன்றாக இருக்கிறேன்' என்று காட்டிக்கொள்வது சிலருக்கு இயல்பு. வேறு சிலர், சேர்த்துக்கொள்ள வேண்டுமே என்று வலியைக் கூட்டிச் சொல்வார்கள். இரண்டும் உங்களுக்கே ஆபத்து. மருந்துகளில் ஒன்றையும் மறைக்காதீர்கள்.

சித்தி இங்கே தோற்றார். அக்கம்பக்கத்து கிளினிக்கில் செய்த இரவுப் பல்கவசத்தை அவர் இன்னும் அணிந்துகொண்டிருந்தார்; அந்த ஆய்வு அப்படிப்பட்டவர்களைச் சேர்க்காது. அது விதிகளில் எழுதியே இருந்தது. நான்தான் 'ஸ்பிளிண்ட்' என்ற சொல்லும் அவர் 'பல்லு கவர்' என்று சொல்வதும் ஒன்றே என்று யோசிக்கவில்லை. இரண்டு வாரம் கழற்றி வைத்துவிட்டு வந்து பொய் சொல்லலாமா என்ற பேச்சு அன்றிரவு எங்கள் வீட்டில் ஓடியது. கூடாது என்று சித்தியே முடித்துவைத்தார்.

சேர்ந்துவிட்டால்

தினமும் வலிக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் கொடுக்கச் சொல்வார்கள். ஒரே நேரத்தில் எழுதுங்கள், வாரக் கடைசியில் ஏழு நாளுக்கும் சேர்த்து நிரப்பாதீர்கள். 10 என்பது உங்களுக்கு எது என்று முதல் நாளே மனதில் முடிவு செய்துகொள்ளுங்கள். சில பெண்கள் பிரசவ வலியைப் பத்தாக வைத்துக்கொண்டு தாடைக்கு இரண்டு கொடுப்பார்கள். சிலர் ஒவ்வொரு வாரமும் அளவுகோலை மாற்றுவார்கள். ஒரே அளவுகோலைக் கடைசி வரை பிடித்துக்கொள்வதுதான் முக்கியம்.

ஆய்வு நடக்கும்போது ஊரிலிருந்து வந்த தைலம், நண்பர் சொன்ன மசாஜ், புது மாத்திரை எதைத் தொடங்கினாலும் ஒருங்கிணைப்பாளரிடம் முதலில் சொல்லுங்கள். முகம் கோணினால், கடிக்கும்போது பல் திடீரென்று பொருந்தாமல் போனால், காய்ச்சலோடு மூட்டு வீங்கினால், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். படிவத்தில் உள்ள அவசர எண்ணுக்கு உடனே அழையுங்கள். மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமம் என்றால் 995.

போக்குவரத்துக்கும் நேரத்துக்கும் ஒரு தொகை தருவது வழக்கம். அதை வருமானமாக எண்ணிச் சேராதீர்கள். மருத்துவ விடுப்பு கிடைக்குமா, வேலை நேரத்துக்குப் பின் வரலாமா என்பதை முன்னமே பேசிவையுங்கள். வேலை அனுமதியில் இருக்கும் தம்பிமார்களுக்குக் கூடுதலாக ஒன்று: ஆய்வில் சேர்வதும் சேராததும் உங்கள் முடிவு, முதலாளியின் முடிவல்ல. அனுமதி முடியும் தேதி ஆய்வின் கடைசி வருகைக்குப் பிறகா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்த பிறகும், இடம் கிடைக்காதபோதும்

ஆய்வு முடிந்தால் நான் எந்தக் குழுவில் இருந்தேன், முடிவு எப்போது வரும் என்று கேட்டு வையுங்கள். பல நேரம் ஆய்வு மொத்தமும் முடிந்தபின்தான் சொல்வார்கள். ஓராண்டு, இரண்டாண்டுகூட ஆகலாம். பதிவு எண் கையில் இருந்தால் நீங்களே போய்ப் பார்க்கலாம்.

இடம் கிடைக்காவிட்டால், அடுத்த ஆய்வு வந்தால் தொடர்புகொள்ளச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். சித்தி அப்படித்தான் செய்தார். தேர்வின்போது அவர் தாடையைப் பார்த்த சிகிச்சையாளர், வழக்கமான மருத்துவருக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய் இப்போது மாதம் ஒரு முறை தாடைப் பயிற்சிக்குப் போகிறார். நாக்கை மேலண்ணத்தில் வைத்துக்கொண்டு மெதுவாக வாய் திறக்கும் பயிற்சி. நாளுக்கு ஆறு முறை. தொலைக்காட்சித் தொடரில் விளம்பரம் வரும்போதெல்லாம் செய்கிறார். பதிவு எண்ணைப் பஞ்சாங்க நாட்காட்டியின் பின்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறார். மாதம் பிறந்தால் எனக்கு அழைப்பு வரும்: "தம்பி, அந்த நம்பரைத் தட்டிப் பாரு, ஏதாச்சும் புதுசா போட்டிருக்கானா?"